வேதமாணிக்கம் முடிக்கட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நேசபுரத்துக் கிறிஸ்தவக் கோயிலில் பாட்டுப் பாடும்போது நாற்பது பேருக்கு மேல் செத்துச் செத்துப் பிழைக்கிறார்கள் என்று கௌதமிதான் எனக்கு முதலில் சொன்னாள். அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. சென்னையில் எங்கள் கம்பெனியில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது. மழை பெய்தால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் மழை என்பாள்.

அவளுடைய திரையில் இதயத் துடிப்புக் கோடுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஏறி இறங்கி ஓடிய கோடுகள் எல்லாம் திடீரென்று ஒரே சமயத்தில் தரையோடு தரையாகப் படுத்தன. பிறகு ஒரே சமயத்தில் எழுந்தன. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கூத்து.

கருவி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன்.

“ஒரு கருவி கெட்டா ஒரு கோடுதான் படுக்கும். ரெண்டு மாசம் முன்னாடி இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியலை. வாராவாரம் நீளுது.” பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள். “நேசபுரம் உங்க ஊருதானே, எப்சிபா? அம்மாவுக்கும் வெச்சிருக்குல்ல?”

வைத்திருக்கிறது. மேலிருந்து நான்காவது கோடு என் அம்மா.

கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ பஜனைக்கோ வாரம் தவறாமல் போகிறவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஏன் என்பதில்தான் சண்டை. பக்தர்கள் கடவுள் என்றார்கள். டாக்டர்கள் குடியும் சிகரெட்டும் இல்லாத வாழ்க்கை என்றார்கள். எங்கள் கம்பெனி மூச்சு என்றது. பத்துப் பேர் சேர்ந்து பாடினால் சேர்ந்துதான் மூச்சு விட வேண்டும். மூச்சு போகிற வழியில் இதயமும் போகும். தளர்ந்த இதயம் பக்கத்து இதயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகும். இதை நாங்கள் ஒரு பேஸ்மேக்கருக்குள் வைத்தோம். மார்புக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கருவி, கூடப் பாடுகிறவர்களின் மூச்சையும் மற்றக் கருவிகளையும் கவனித்து ஒரு நடையைக் கற்றுக்கொள்ளும். வாரம் முழுக்க அந்த நடையில் இதயத்தை நடத்தும். ‘கடவுள் இல்லாமல் கடவுளின் பலன்’ என்று நான் ஒரு கூட்டத்தில் சொன்னேன். கை தட்டினார்கள். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன்பு தெற்கே ஒரு காய்ச்சல் வந்து, ஐம்பது தாண்டியவர்களின் இதயத்தை நைந்த துணியாக்கிவிட்டுப் போயிருந்தது. நேசபுரத்தில் அது தப்பவிட்ட வீடு குறைவு. அதனால் கருவியை அங்கேதான் முதலில் வைத்தார்கள். பலன் நன்றாகவே இருந்தது. கால் புதையும் தேரிச் செம்மணலில் நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடும் என் அம்மா ரத்தினபாய், மார்க்கெட்டுக்கு நடந்துபோய், மீன்காரியோடு சண்டை போட்டு, நடந்தே திரும்பினாள். டிரம்ஸ் அடிக்கும் சபைக்கு மாறிப் போயிருந்த ஏஞ்சல் அக்கா, அந்த அடி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பழைய கோயிலுக்கே திரும்பி வந்தாள். பக்கத்துத் தெரு சுடலைமுத்து அண்ணாச்சி நெற்றி நிறைய விபூதியோடு கடைசி பெஞ்சில் வந்து உட்காரத் தொடங்கினார். நாடிக்காக வருகிறவரை ஆராதனையில் சேர்ப்பதா என்று கமிட்டியில் பேச்சு எழுந்ததாம். ஜெயசீலன் ஐயர், எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம், அந்த நாடியைக் கொடுத்தது யாராம் என்று கேட்டுப் பேச்சை முடித்துவிட்டாராம்.

என் அப்பா வேதமாணிக்கத்துக்குக் கருவி இல்லை. அவருக்குப் பழுது இதயத்தில் அல்ல, நுரையீரலில். போன ஐப்பசியில் போய்விட்டார்.

சனிக்கிழமை ஊருக்குப் போய் இறங்கினேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாயே என்று அம்மா முதலில் பயந்தாள். நாளைக்குக் கோயிலுக்கு வருகிறேன், வேலை இருக்கிறது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. கல்லூரிக்குப் போன வருஷத்திலேயே கோயிலை விட்டவள் நான். வேலையைச் சாக்கிட்டாவது கர்த்தர் இழுக்கிறாரே என்று அவளுக்கு மகிழ்ச்சி. சாப்பாடு போடும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கையகலத் திரையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் சுடலைமுத்து அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தங்கதுரை அண்ணாச்சி ஆர்மோனியத்தைத் தொட்டார். எல்லோரும் எழுந்தார்கள். பழைய ஞானப்பாட்டு ஒன்று, மெதுவானது. ஒவ்வொரு சரணமும் ‘நடத்துமே’ என்று முடியும். முதல் சரணத்தை அழகாகப் பாடி முடித்தார்கள். ஆர்மோனியமும் நின்றது. அடுத்த சரணம் தொடங்கவில்லை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோருடைய தலையும் இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அடுத்த அறையில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவர்களைப் போல. அந்தப் பக்கம் ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் ஓர் ஆள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அது அப்பாவின் இடம். மடியைப் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் படுத்திருந்தன, அம்மாவின் கோடும்தான். நெஞ்சு துடிக்காத நாற்பது பேர் கண்ணைத் திறந்துகொண்டு, முகத்தில் லேசான புன்னகையோடு நின்றுகொண்டிருந்தார்கள். எழுந்து கத்திவிடலாம் என்று நினைத்தபோது, சொல்லி வைத்தாற்போல் எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்து அடுத்த சரணத்தைத் தொடங்கினார்கள். கோடுகளும் எழுந்துகொண்டன.

ஆராதனை முடிந்து வெளியே வேப்ப மரத்தடியில் சுடலைமுத்து அண்ணாச்சியைப் பிடித்தேன். பாட்டுக்கு நடுவில் எதற்காக நிற்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

“ஒங்கப்பா முடிக்க வேண்டாமா?” என்றார்.

அப்பா எப்போதும் பிந்தித்தான் முடிப்பார். மூச்சுப் போதாது. நடுவில் ஒருமுறை நின்று இழுத்துக்கொள்வார். ஊரே பாடி முடித்த பிறகு கடைசி எழுத்தைத் தனியாக இழுத்துக்கொண்டு வருவார். சின்ன வயதில் எனக்கு மானம் போகும். ஆனால் நேசபுரத்தில் பந்தியில் பக்கத்து ஆள் சாப்பிட்டு முடிக்காமல் யாரும் இலையை மடிக்க மாட்டார்கள். மோர் ஊற்றிய சோற்றைக் கிழவர் ஒருவர் பருக்கை பருக்கையாகத் தின்றாலும் வரிசை முழுக்கக் கை காய உட்கார்ந்திருக்கும். அதே மரியாதையைத்தான் பாட்டிலும் காட்டினார்கள். தங்கதுரை அண்ணாச்சி கட்டைமேல் விரலை வைத்தபடி காத்திருப்பார், அப்பா முடித்த பிறகுதான் அடுத்த சரணம். இது வருஷக்கணக்கில் பழகிப்போனது. அப்பா செத்த பிறகு, இனிமேல் காத்திருக்க வேண்டாம் என்று எந்த வாய் சொல்லும்? ரத்தினபாய் உட்கார்ந்திருக்கும்போது யார் முந்திக்கொண்டு பாடுவது? யாரும் முந்தவில்லை.

தங்கதுரை அண்ணாச்சியையும் போய்க் கேட்டேன். அவர் ஆர்மோனியப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

“காத்திருக்கோம்னு யாரு சொன்னா? கேக்குதும்மா. கேட்டு முடிஞ்ச பொறவுதான் விரலு நகருது.”

நான் எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தேன். வீட்டுக்கு வந்து அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கூரையில் புறா முனகியது, மின்விசிறி சுற்றியது. வேறு எதுவும் இல்லை.

கௌதமியிடம் போனில் சொன்னேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

“அப்ப இது இப்படித்தான் நடக்குது. பாட்டு நிக்குது, கருவி அதையும் நடைன்னு நினைச்சுக் கத்துக்குது. இதயம் ஒரு துடிப்பு நிக்குது. இதயம் நின்னதும் அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் நிக்கணும்னு தோணுது. கருவி அதையும் கத்துக்குது. ரெண்டு கண்ணாடியை எதிரெதிரா வெச்ச மாதிரி. இப்படியே போனா ஒரு ஞாயித்துக்கிழமை திரும்பி எழுந்திருக்க மாட்டாங்க.”

கருவியின் காதை இங்கிருந்தே அடைத்துவிடலாமே என்றேன். முடியாது என்றாள். போன மழையில் பாலம் உடைந்து இரண்டு வாரம் ஆராதனை நடக்காதபோது, பாட்டுக் கேட்காத கருவிகள் நடை மறந்து தடுமாறி, மூன்று பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாடாவிட்டாலும் சாவு, இப்படிப் பாடினாலும் சாவு. நிற்காமல் பாட வேண்டும். வேறு வழியே இல்லை.

ஐயரிடம் போனேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று, நாம் வேதமாணிக்கத்தின் மேல் வைத்திருக்கும் அன்பு நம்மைக் கொல்லப் பார்க்கிறது என்று பச்சையாகவே சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். தங்கதுரை அண்ணாச்சி இந்தத் தடவை நிற்காமல் வாசிப்பதாக ஒப்புக்கொண்டார்.

அன்றைய பாட்டிலேயே சொன்னபடி வாசிக்கவும் செய்தார். ‘நடத்துமே’ முடிந்ததும் ஆர்மோனியம் அடுத்த சரணத்துக்குள் போனது. ஆனால் ஒரு தொண்டைகூட அதன் பின்னால் போகவில்லை. ஐயர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. ஆர்மோனியம் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் ஓடி, வெட்கப்பட்ட மாதிரி நின்றுவிட்டது. எல்லாத் தலைகளும் ஜன்னலோரம் சாய்ந்தன. அன்றைக்கு இடைவெளி முன்னைவிட நீளம். அது முடிந்து எல்லோரும் மூச்சிழுத்து எழும்பியபோது என் மடியில் ஒரு கோடு மட்டும் படுத்தே கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். சுடலைமுத்து அண்ணாச்சி தலையைச் சாய்த்தபடி, கேட்டுக்கொண்டிருக்கிற முகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சை அழுத்தினேன், திரையிலிருந்தே கருவிக்குக் கட்டளை கொடுத்தேன். எதுவும் பலிக்கவில்லை.

அவருடைய வீட்டுக்கு நானும் ஐயரும் போனோம். அவர் மனைவி பேச்சியம்மாள் சத்தம் போட்டு அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அங்கன போனா ஆயுசு கூடும்னுதானம்மா அனுப்புனேன். யாருக்கோ காத்துக்கிட்டு நின்ன எடத்துல எங்க ஆளை விட்டுட்டு வந்துட்டியளே?”

வெளியே வந்ததும் ஐயர், தனக்கும் அன்று வாய் வரவில்லை என்றார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எப்படிக் குறுக்கே பேசுவது என்று தன் நாக்கே தன்னைக் கேட்டதாம். அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. படித்த மனிதர்.

அம்மா அடுக்களையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொன்னால் சபை கேட்கும், காத்திருக்க வேண்டாம் என்று நீதான் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நீயே முதலில் பாடு என்றேன். அவள் அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒனக்குத் தெரியாதுட்டி. ஒங்கப்பா போன அன்னைக்குச் சாயங்காலம் வீட்டு ஜெபத்துல பாடிக்கிட்டு இருக்கும்போதுதான் அவுக சாஞ்சாவ. கடைசி எழுத்து வரல. எப்பவும் பிந்தித்தானே வரும்னு நான் காத்துக்கிட்டே இருந்தேன்.” கையைக் கழுவிவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “அது இன்னும் முடியல, எப்சி. கோயில்லதான் அவுக கொஞ்சங் கொஞ்சமா முடிக்காவ.”

“எம்மா, நீ செத்துப்போயிருவ.”

“சாவுதேன். அவுக குறுக்க மட்டும் என்னயப் பாடச் சொல்லாத.”

எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன மனிதருக்காக உயிரோடிருக்கும் மனுஷியைப் பறிகொடுக்க வேண்டுமா என்று கத்தினேன். அவள் மீன் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு உப்புப் பார்த்தாள். கோபத்தைவிடப் பயம்தான் எனக்கு அதிகம். அப்பாவை அடுத்து அவளும் போய்விட்டால் எனக்கு என்று சொல்ல யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அது ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழி தெரிந்தபோது அது சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தது. இவர்களால் அப்பா முடிக்காமல் தொடங்க முடியாது. அவ்வளவுதானே? அப்படியானால் யாராவது முடித்து வைத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கான இரண்டாம் மணி அடித்ததும் நேரே நடந்துபோய் ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில், அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தேன். கோயிலில் ஒரு சலசலப்பு. அம்மா பக்கத்தில் வந்து, என்னைத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்தாள். அதே பாட்டைத்தான் போடச் சொல்லியிருந்தேன். ‘நடத்துமே’ என்று சபை முடித்தது. ஆர்மோனியம் நின்றது. மடியில் கோடுகள் படுக்கத் தொடங்கின. நான் வாயைத் திறந்தேன். இருபது வருஷமாகப் பாடாத தொண்டை, ஓட்டைப் பானை மாதிரி இருந்தது. அப்பா இழுக்கிற மாதிரியே நடுவில் ஒருமுறை மூச்சுப் பிடித்து, கடைசி எழுத்தை ஏஏ என்று இழுத்துக்கொண்டுபோய் முடித்தேன்.

பின்னால் நாற்பது பேர் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். தங்கதுரை அண்ணாச்சியின் விரல் நகர்ந்தது. படுக்கப் போன கோடுகள் என் குரலோடு சேர்ந்து எழுந்து நடந்தன. அடுத்த சரணத்திலும் அப்படியே. கடைசிச் சரணத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் முடித்தேன்.

கம்பெனியில் என்னைப் புகழ்ந்தார்கள். என் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு நான் சென்னைக்குத் திரும்பலாம் என்பது அவர்கள் யோசனை. செய்து பார்த்தோம். ஒலிபெருக்கி அட்சரம் பிசகாமல் பாடியது. கோடுகள் அதைக் கண்டுகொள்ளாமல் படுத்தன. ஓடிப்போய் நான் எழுந்து பாட வேண்டியதாயிற்று. பெட்டிக்கு மூச்சில்லையே என்றார் தங்கதுரை அண்ணாச்சி. அவர் சொன்னதைத்தான் கௌதமி பிறகு பெரிய அறிக்கையாக எழுதினாள்.

ஆகவே நான் ஊரோடு தங்கிவிட்டேன். ஞாயிறும் புதனும் நான் கோயிலில் இருந்தாக வேண்டும், இவர்கள் உயிரோடிருக்கும் வரைக்கும். நான் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. கம்பெனி வேலையை முன்னறையில் உட்கார்ந்து பார்த்தேன். எப்சிபா மனந்திரும்பிவிட்டாள் என்று ஏஞ்சல் அக்கா ஊர் முழுக்கச் சொன்னாள். நான் விசுவாசிக்கிறேனா என்று ஐயர் ஒருநாளும் கேட்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பேச்சியம்மாள் மட்டும் என்னைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் திருப்பிக்கொள்வது நியாயம்தான்.

அம்மா முதலில் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு மெல்ல மெல்லப் பேசினாள். அவள் கோடு மற்றவர்களுடையதைவிட நேர்த்தியாக ஓடியது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலிலிருந்து திரும்பும் வழியில் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

“கேட்டுச்சாட்டி?”

என்ன கேட்டது என்று திருப்பிக் கேட்பேன். ஒன்றுமில்லை என்று நடப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

மார்கழி பிறந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது கௌதமி கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

“நேத்து நீ பாடலையா?”

“பாடினேனே.”

“பாடினே. பதிவு என்கிட்ட இருக்கு. கடைசி எழுத்தை இழுத்து முடிச்சே. அதுக்கப்புறம் யாரும் அடுத்த சரணத்தைத் தொடங்கலை. எல்லாக் கோடும் படுத்துடுச்சு. எப்சிபா, பழைய இடைவெளி திரும்ப வந்திருக்கு. முன்ன இருந்ததைவிடப் பெரிசு.”

அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நேற்று நடந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இடைவெளியே இல்லை. நான் முடித்தேன். நான் முடித்ததும், எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில், ஓர் ஆள் உட்கார முடியாத அந்த ஒரு சாண் இடத்திலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு அந்த எழுத்து இன்னும் கொஞ்சம் ஓடியது. பாதியில் விட்டுவிட்டு எப்படித் தொடங்குவது என்று எல்லோரையும் போல நானும் நின்றேன். அதில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

இடது மணிக்கட்டில் விரலை வைத்தேன். என் நெஞ்சில் எந்தக் கருவியும் இல்லை. நாடி நடந்தது, நடந்தது, பிறகு நின்றது. பயப்பட வேண்டும் என்று தெரிந்தும் பயம் வரவில்லை. நிதானமாக மறுபடியும் நடக்கத் தொடங்கியது.

அம்மா கருப்பட்டிக் காப்பியோடு அடுக்களையிலிருந்து வந்து, என் விரல் இருந்த இடத்தையும் என் முகத்தையும் பார்த்தாள்.

“கேக்குதா?” என்றாள்.

நான் தலையாட்டினேன். அவள் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

போனில் கௌதமி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். “லைன்ல இருக்கியா? நீயே அடுத்த சரணத்தைத் தொடங்கியிருக்கலாமே. நீ எதுக்கு நின்னே?”

“குறுக்கே பாட முடியாது, கௌதமி,” என்றேன். “அப்பா இன்னும் முடிக்கலை.”